விசா முடிந்த பிள்ளையும் இரண்டு படிவங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், விசா காலம் முடிந்துபோன மகளுக்குக் கல்லூரி நிதியுதவி தேடியபோது 2019-இல் நடந்தது இது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், கல்லூரி வளாகம், அப்பா வேலை பார்த்த கம்பெனி எதையும் சொல்லப்போவதில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவள். வழக்கறிஞர் இல்லை, கல்லூரி ஊழியரும் இல்லை. அந்தப் பெண் என்னிடம் மூன்று வருடம் தமிழ் படித்தவள், அவ்வளவுதான் உறவு.

அப்பா மென்பொருள் சோதனை வேலையில் இருந்தவர். மதுரைப் பக்கத்துக்காரர். 2011-இல் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தார். மனைவியும் பத்து வயது மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில். அடுத்த வருடம் மகன் பிறந்தான். இங்கே பிறந்ததால் அவன் அமெரிக்கக் குடிமகன். 2015 அக்டோபரில் அப்பாவுக்கு வேலை போனது. வேலை போன எச்-1பிக்காரருக்கு இப்போது 60 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் அந்த விதி 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அவசர அவசரமாகச் சுற்றுலா விசாவுக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தார்கள். 2016 ஏப்ரலில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 தாளில் இருந்த தேதியும் அதற்குள் தீர்ந்திருந்தது.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரிந்த கதைதான். புதிதாக மனு போட்டுத் தருகிறோம் என்று ஒரு கன்சல்டன்சி பணம் வாங்கிக்கொண்டு இழுத்தடித்தது. ஊரில் வீட்டுக் கடன் பாக்கி நின்றது. "இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே 2018 முடிந்துவிட்டது. அப்பா ஒரு உணவகச் சமையலறையில் ரொக்கக் கூலிக்குப் போனார். வீட்டில் யாரும் இதைப் பற்றி வாய் திறந்து பேசுவதில்லை. "ஸ்டேட்டஸ் போச்சு" என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறவள்.

பொங்கலன்று கேட்ட கேள்வி

2019 ஜனவரியில் தமிழ்ப் பள்ளிப் பொங்கல் விழா. பாத்திரம் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றவள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டாள்: "ஆன்ட்டி, சோசியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாம ஃபாஃப்சா போட முடியுமா?"

முடியாது. ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம். சட்டப்படியான குடியேற்ற நிலை இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் கிடையாது, மத்தியக் கடனும் கிடையாது. அந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவும் ஃபாஃப்சா இரவு பள்ளியில் நடந்தபோது அவள் போயிருக்கிறாள். உள்நுழையும் கணக்கையே உருவாக்க முடியாமல் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். எச்-4 பிள்ளைகளுக்கு அந்த எண்ணே தருவதில்லை என்பது அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. இவளும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். பாஸ்போர்ட்டுகள், ஐ-94 அச்சுப்படிகள், நிராகரிப்புக் கடிதம், பள்ளி மதிப்பெண் தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பார்த்துக்கொண்டே வந்ததில் மூன்று விஷயங்கள் புலப்பட்டன.

முதலாவது, கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தை நவம்பர் 30 கெடுவுக்குள் அவளே போட்டிருந்தாள். விசா வகை கேட்ட இடத்தில் எச்-4 என்று கொடுத்திருந்தாள். முடிந்துபோன விசா அது.

இரண்டாவது, மாநில அரசுக்கென்று தனி உதவி விண்ணப்பம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பள்ளி கவுன்சிலர் வகுப்பில் பொதுவாக அறிவித்திருக்கிறார்: ஆவணமில்லாத மாணவர்கள் என்னை வந்து பாருங்கள், உங்களுக்கும் உதவி உண்டு என்று. அது தனக்குச் சொன்னது என்று இவள் நினைக்கவே இல்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். "நாங்க விசா வாங்கி, ஏரோப்ளேன்ல வந்தவங்க. வேலி தாண்டி வரலையே" என்றார் அம்மா. 'ஆவணமில்லாதவர்' என்ற அந்தச் சொல் அவரைச் சுட்டது. விசாவோடு வந்து தேதி முடிந்தபின் தங்கியவர்களும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம் என்று நான் சொன்னபோது அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்ப காலம் அக்டோபர் 1-ஆம் தேதியே தொடங்கியிருந்தது. மார்ச் 2 கெடு. ஐந்து மாதத்தில் மூன்றரை மாதம் அந்த ஒரு சொல்லால் போயிருந்தது.

முதல் முடிவு: படிவத்துக்கு முன் வழக்கறிஞர்

உடனே படிவத்தைத் திறந்துவிடலாம் என்று மகள் துடித்தாள். நான் வேண்டாம் என்றேன். காரணம் இருந்தது.

கலிஃபோர்னியாவில் இந்த உதவி இரண்டு தூண்களில் நிற்கிறது. ஒன்று, 2001-இல் வந்த ஏபி 540 சட்டம். இங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் படித்து முடித்தவர், குடியேற்ற நிலை எதுவானாலும், வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆவணமற்றவர்களுக்கு 'இங்கே வசிக்கிறார்' என்ற காரணத்துக்காகச் சலுகை கொடுத்தால் மற்ற மாநிலக் குடிமக்களுக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்று 1996-ஆம் வருட மத்திய சட்டம் சொல்கிறது. அதனால்தான் கலிஃபோர்னியா வசிப்பிடத்தை விட்டுவிட்டுப் பள்ளிப் படிப்பைப் பிடித்துக்கொண்டது. இங்கே படித்துவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபோன அமெரிக்கக் குடிமகனுக்கும் ஏபி 540 பொருந்தும். 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. இரண்டாவது தூண், 2011-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட இரண்டு சட்டங்கள், சேர்த்து கலிஃபோர்னியா டிரீம் ஆக்ட் என்பார்கள். ஏபி 540 தகுதி உள்ளவர்களுக்கு 2013 முதல் கால் கிராண்ட் போன்ற மாநில நிதியுதவியை இவை திறந்துவிட்டன.

சரி, சிக்கல் எங்கே? ஏபி 540 உறுதிமொழிப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவரா, இல்லையா. எச் வகை விசா செல்லுபடியில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பொய் சொன்னால் தண்டனைக்குரிய சத்தியப்பிரமாணம் அது. இவள் கல்லூரியிடம் எச்-4 என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறாள். இப்போது 'இல்லை' என்று கட்டம் போடலாமா? சட்டம் தெரிந்தவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஒரு சட்ட உதவி அமைப்பின் இலவச முகாமில் ஜனவரி கடைசி வாரம் நேரம் கிடைத்தது. வழக்கறிஞர் முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். எச்-4 நிலை அப்பாவின் எச்-1பியோடு சேர்ந்தே முடிந்துவிட்டது, அவள் இப்போது தற்காலிக விசாக்காரி அல்ல, அதனால் 'இல்லை' என்ற கட்டம்தான் உண்மையான பதில் என்றார். பள்ளியில் சேர்ந்தபோது விசா இருந்ததால் அந்த வருடங்கள் கழிந்துவிடாது, படித்த வருடம் படித்த வருடம்தான் என்றும் சொன்னார். சிறுவயதில் வந்த ஆவணமற்றவர்களை நாடுகடத்தாமல் காக்கும் டாகா திட்டத்தின் பாதுகாப்பும் அவளுக்குக் கிடையாது. அதற்கு 2007 ஜூன் 15 முதல் இங்கே இருந்திருக்க வேண்டும்; தவிர, புது விண்ணப்பங்கள் வாங்குவதும் 2017 செப்டம்பரில் நின்றுபோயிருந்தது.

கடைசியாக அவர் சொன்னதற்கு நாங்கள் யாரும் தயாராக இல்லை. பிப்ரவரி 10-ஆம் தேதி அவளுக்கு 18 முடிகிறது. 18 வயது வரை சட்டவிரோதத் தங்கல் கணக்கில் சேராது. அன்றிலிருந்து சேரும். 180 நாளைத் தாண்டிய பிறகு நாட்டை விட்டுப் போனால் மூன்று வருடம் திரும்ப வர முடியாது. ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம். காலண்டரை எடுத்து அவரே எண்ணிப் பார்த்தார். ஆகஸ்ட் 9.

"பொண்ணை ஊருக்கு அனுப்பறதா இருந்தா அதுக்குள்ள முடிவு பண்ணுங்க" என்று நான் தமிழில் சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கையிலிருந்த மஞ்சப்பை கசங்கியதில் தெரிந்தது.

ஒரு முரண். அதே பள்ளியில் அவளுடைய தோழி ஒருத்தி, இன்னும் செல்லுபடியாகும் எச்-4இல் இருந்தாள். அவளால் டிரீம் ஆக்ட் உதவியும் கேட்க முடியாது, ஃபாஃப்சாவும் போட முடியாது. காகிதம் இருப்பதால் உதவி இல்லை. இதைக் கேட்டு அப்பா முதல்முறையாகச் சிரித்தார்.

பிப்ரவரி: வருமானமும் பெயரும்

டிரீம் ஆக்ட் விண்ணப்பத்தைப் பிப்ரவரி 6-ஆம் தேதி இரவு போட்டோம். இது மாநில மாணவர் உதவி ஆணையத்துக்குப் போகிறது. ஃபாஃப்சாபோல மத்தியக் கல்வித் துறைக்குப் போவதில்லை. அப்பாவின் முதல் கேள்வி இதுதான். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் யாராலும் தர முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். வீட்டு முகவரி ஏற்கனவே பள்ளியிலும் மின்சார பில்லிலும் இருக்கிறது, புதிதாக எதையும் வெளிவிடவில்லை என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வருமானப் பகுதியில் ஒரு மணி நேரம் நின்றோம். 2019–20 உதவிக்கு 2017 வருமானத்தைக் கேட்கிறார்கள். அப்பா அந்த வருடம் வரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. பூஜ்யம் என்று போட்டுவிடலாம் என்றார். நான் ஒப்பவில்லை. நாலு பேர் சாப்பிடும் வீட்டில் பூஜ்ய வருமானம் என்றால் கல்லூரி சரிபார்ப்புக்கு எடுக்கும். வாடகை எங்கிருந்து வந்தது என்று கேட்கும். ஒரு நோட்டில் மாதாமாதம் வாங்கிய கூலியை அவர் எழுதி வைத்திருந்தார். அதைக் கூட்டிப் போட்டோம். வந்த தொகை எப்படியும் வரம்புக்கு வெகு கீழேதான் இருந்தது. அந்த நோட்டு பின்னால் உண்மையிலேயே கேட்கப்பட்டது.

நான் எதிர்பார்க்காத தொல்லை பெயரில் வந்தது.

நம் ஆட்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவளுடைய பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளிக்காரர்கள் அதையே பெயராக எழுதிக்கொண்டார்கள். எட்டு வருடமாக அவளுடைய அடையாள அட்டையில் முதல் பெயர் 'ஃப்னு'. புது ஆசிரியர் யார் வந்தாலும் முதல் நாள் 'ஃபூனு' என்று கூப்பிட, வகுப்பு சிரிக்கும்.

டிரீம் ஆக்ட் விண்ணப்பத்தில் அவள் அந்தப் பெயரைத் தவிர்த்தாள். தன் பெயரை முதல் பெயராகவும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டாள். எனக்கும் அது இயல்பாகவே பட்டது. ஆனால் கால் கிராண்ட் கிடைக்க விண்ணப்பம் மட்டும் போதாது, பள்ளி அனுப்பும் ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண்ணும் அதோடு வந்து இணைய வேண்டும். சோசியல் செக்யூரிட்டி எண் உள்ள பிள்ளைகளுக்கு எண் வைத்தே இணைந்துவிடும். எண் இல்லாதவர்களுக்குப் பெயர், பிறந்த தேதி, மாணவர் அடையாள எண் இவைதான் கயிறு. பிப்ரவரி 20-ஆம் தேதி ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்தபோது அவள் கணக்கில் ஜி.பி.ஏ. வரவில்லை என்று இருந்தது.

இரண்டு வழி இருந்தது. பள்ளிப் பதிவில் பெயரை மாற்றுவது அல்லது விண்ணப்பத்தில் மாற்றுவது. பள்ளிப் பதிவை மாற்ற ஆவணம் கேட்பார்கள், மாதக் கணக்கில் ஆகும். தவிர, கல்லூரிக்கும் பள்ளிப் பெயரிலேயே விண்ணப்பித்திருந்தாள். எல்லா இடத்திலும் பள்ளிப் பதிவில் உள்ளபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். "எனக்குப் பிடிக்காத பேரையே நானே டைப் பண்ணணுமா ஆன்ட்டி?" என்றாள். பண்ணினாள்.

கவுன்சிலரை அப்போதுதான் முதன்முதலாகப் போய்ப் பார்த்தாள். அவர் பாதுகாப்புக்காகக் காகித ஜி.பி.ஏ. படிவமும் நிரப்பிக் கையெழுத்திட்டுத் தந்தார். மார்ச் 2 அந்த வருடம் சனிக்கிழமை. வியாழனன்றே தபால் நிலையத்தில் கொடுத்து, தேதி முத்திரை குத்திய ரசீதை வாங்கி மஞ்சப்பையில் போட்டோம். ஏப்ரலில் ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தது: கால் கிராண்ட் பி, தற்காலிக ஒதுக்கீடு.

வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் போய்ச் சாப்பிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் பிசகு.

ஜூலை: பில்

ஜூலை இரண்டாம் வாரம் கல்லூரியின் பில் வந்தது. பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள்; அவள் 13 யூனிட் எடுத்திருந்தாள். அரையாண்டுக் கட்டணம் 2,871 டாலர். அதற்கு மேல் யூனிட்டுக்கு 396 டாலர் வீதம் வெளிமாநிலக் கூடுதல் கட்டணம், 5,148. ஆக 8,019, வளாகக் கட்டணம் தனி. இன்னொரு கடிதமும் சேர்ந்து வந்தது. வெளிநாட்டு மாணவர் என்ற முறையில் வங்கி இருப்புச் சான்று அனுப்பும்படி கேட்டிருந்தது. கல்லூரியின் சொந்த உதவித்தொகை பற்றி ஒரு வரிகூட இல்லை.

நடந்தது இதுதான். டிரீம் ஆக்ட் விண்ணப்பம் போனது மாநில ஆணையத்துக்கு. ஏபி 540 உறுதிமொழிப் படிவம் போக வேண்டியது கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு. அந்த வருடம் அவை இரண்டும் தனித்தனிக் காகிதங்கள், தனித்தனி மேசைகள். ஒன்று போனால் மற்றது தானாகப் போகாது. வழக்கறிஞரிடம் அந்தக் கட்டத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய நாங்கள், அந்தப் படிவத்தை அனுப்பவே இல்லை. பள்ளி முடித்த மதிப்பெண் தாளோடு சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும், ஜூன் வரட்டும் என்று தள்ளிவைத்தோம். ஜூனில் பட்டமளிப்பு விழா, அப்புறம் மறந்தே போனது. நவம்பரில் கொடுத்த எச்-4 என்ற பதிலும் திருத்தப்படாமல் அப்படியே கிடந்தது. இது என் தவறு. மே மாதம் கல்லூரியிடமிருந்து உதவித்தொகைப் பட்டியல் வராதபோதே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9-க்கு நாலு வாரம்கூட இல்லை.

வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மதுரையில் தாய்மாமன் இருக்கிறார். அனுப்பிவிட்டால் ஏதாவது கல்லூரியில் சேர்த்துவிடுவார். இப்போது போனால் தடை இல்லை, பின்னால் மாணவி விசாவாவது கேட்டுப் பார்க்கலாம். இருந்தால், பட்டம் கிடைக்கும், ஆனால் நினைத்தபோது ஊருக்குப் போய் வர முடியாது. பாட்டி படுக்கையில் இருந்தார். அம்மா வளையலைக் கழற்றி மேசையில் வைத்து, "இதை வித்தா முதல் பில்லைக் கட்டிடலாம்ல?" என்றார். கட்டலாம்தான். ஆனால் அடுத்த பில்லும் அதே தொகைக்கு வரும்.

என்னிடம் கருத்துக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. முதலில் கட்டணம் எவ்வளவு என்பது உறுதியாகட்டும், தவறான எண்ணை வைத்து வாழ்க்கை முடிவு எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன்.

மறுநாள் அவளும் நானும் வளாகத்துக்குப் போனோம். சேர்க்கை அலுவலக வரிசையில் நிற்காமல் நேராக டிரீம் மையத்துக்குப் போனது நாங்கள் செய்த புத்திசாலித்தனங்களில் ஒன்று. ஆவணமற்ற மாணவர்களுக்கு உதவ கால் ஸ்டேட் வளாகங்கள் பலவற்றில் இப்படி ஓர் அறை இருக்கிறது. அங்கிருந்த ஊழியர் பில்லைப் பார்த்ததும், "உறுதிமொழிப் படிவம் கொடுக்கலையா?" என்றுதான் முதலில் கேட்டார். இந்த வாரத்தில் இவள் நாலாவது ஆள் என்றார்.

அவர் சொன்னபடி செய்தோம். உறுதிமொழிப் படிவம், முத்திரையிட்ட உறையில் இறுதி மதிப்பெண் தாள், குடியேற்ற நிலை பற்றிய பழைய பதில் காலாவதியான விசாவைப் பார்த்துத் தவறுதலாகக் கொடுத்தது என்று ஒரு பக்கக் கடிதம். ஆவணமற்றவள் என்பதற்கு ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டப்போனவளை ஊழியரே தடுத்தார். கேட்காததைக் கொடுக்காதே என்றார். சட்ட நிலை பெறத் தகுதி வந்தவுடன் அதற்கு விண்ணப்பிப்பேன் என்ற வரிக்கு மேலே அவள் பேனா ஒரு நிமிடம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

ஜூலை 30-இல் கூடுதல் கட்டணம் நீங்கியது. பில் 2,871-ம் வளாகக் கட்டணமும் என்று இறங்கியது. ஆனால் கல்லூரி உதவி இன்னும் முடிவாகவில்லை. நிதியுதவி அலுவலகம் வருமானச் சரிபார்ப்பில் இருந்தது. அப்பாவின் கூலி நோட்டையும் ஒரு கையொப்பமிட்ட விளக்கத்தையும் கேட்டது. ஆக, ஆகஸ்ட் 9 வந்தபோது அவர்கள் கையில் பாதிப் பதில்தான் இருந்தது. அன்று மாலை அப்பா எனக்கு ஃபோன் செய்து, "இங்கயே படிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம்மா. அவளே சொல்லிட்டா" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

கட்டணக் கெடுவைத் தள்ளிவைக்க டிரீம் மையம் உதவியது. ஆகஸ்ட் 20 வாக்கில் கணக்கு முழுதாக வந்தது. மாநிலப் பல்கலைக்கழக உதவித்தொகை வருடக் கட்டணம் 5,742 டாலரை முழுக்க ஈடுகட்டியது. கால் கிராண்ட் பி, முதல் வருடத்தில் பெரும்பாலோருக்குக் கட்டணத்துக்குப் போகாது, கைச்செலவுக்கென்று ஏறத்தாழ 1,650 டாலர் தரும். அது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆனது. வருடம் 4,000 டாலர் வரை, இத்தகைய மாணவர்களுக்கான டிரீம் கடன் வாங்கலாம் என்றும் கடிதத்தில் இருந்தது. வேண்டாம் என்றார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாத பிள்ளையின் பேரில் கடன் ஏற்றுவதா என்பது அப்பாவின் கேள்வி. வளாகக் கட்டணத்தைத் தவணையில் கட்டினார்கள். வளையல் கைக்குத் திரும்பியது.

இதே வருமானத்தில் குடிமகளாக இருந்திருந்தால் மத்திய பெல் உதவி அந்த வருடம் 6,195 டாலர் வரை மேலும் கிடைத்திருக்கும். தம்பிக்கு ஒருநாள் அது கிடைக்கும்.

பின் தொடர்ந்தவை

வருடா வருடம் மார்ச் 2-க்குள் விண்ணப்பத்தைப் புதுப்பித்தாள். இரண்டாம் வருடத்திலிருந்து கால் கிராண்டே கட்டணத்தைப் பார்த்துக்கொண்டது. 2020-இல் கொரோனா வந்தபோது அப்பாவின் உணவகம் மூடியது. மத்திய அரசு கல்லூரிகள் வழியே கொடுத்த அவசர உதவி ஆவணமற்ற மாணவர்களுக்கு இல்லை என்று மத்தியக் கல்வித் துறை ஏப்ரலில் சொல்லிவிட்டது. அடுத்த வருடம் மே மாதம்தான் அந்த விதி மாறியது. இடையில் வளாகத்தின் சொந்த நிதியிலிருந்து ஒரு சிறு தொகை வந்தது. 2023 மேயில் பட்டம் பெற்றாள். சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாக வேண்டும் என்று ஒரு படிவம் வந்தது. இரண்டு நாள் வைத்திருந்து நிரப்பினாள். அதில் 'ஃப்னு' இல்லை.

வேலை அனுமதி இன்றுவரை இல்லை. பாட்டி இறந்தபோது யாரும் போகவில்லை.

மறுபடி செய்வதானால்

மூன்று இடங்களில் வேறு மாதிரி செய்வேன். உறுதிமொழிப் படிவத்தைச் சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே அனுப்பச் சொல்வேன். இறுதி மதிப்பெண் தாள் பின்னால் போய்ச் சேரட்டும். கல்லூரி விண்ணப்பத்தில் குடியேற்ற நிலை பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்பதைப் பார்த்தால் மட்டும் போதாது, அன்றைக்கே திருத்தக் கடிதம் எழுத வைப்பேன். நான் ஜனவரியில் பார்த்தேன், எழுதவைக்கவில்லை. குடும்பப் பெயர் இல்லாத பிள்ளை என்றால் பள்ளிப் பதிவு, கல்லூரி, ஆணையம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரா என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஒப்பிடுவேன்.

வழக்கறிஞரை முதலில் பார்த்ததை மாற்ற மாட்டேன். கூலி நோட்டையும்.

சொல் விஷயத்தில் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. இப்போது தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "விசா தேதி முடிஞ்சவங்க யாராவது இருந்தா, வீட்ல சொல்லாமகூட எங்கிட்ட வந்து கேக்கலாம்" என்கிறேன். கடந்த வருடம் இரண்டு பேர் வந்தார்கள்.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2018 முதல் சமுதாயக் கல்லூரியிலும் வயதுவந்தோர் பள்ளியிலும் படித்த காலத்தையும் ஏபி 540 கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2022–23 முதல், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஃபாஃப்சா அல்லது டிரீம் ஆக்ட் விண்ணப்பம் இரண்டில் ஒன்றைப் போடுவதைப் பள்ளி மாவட்டங்களே உறுதி செய்ய வேண்டும், விரும்பாதவர்கள் எழுதிக்கொடுத்து விலகலாம் என்று விதி வந்தது. மறுபக்கம், ஆவணமற்ற மாணவர்களுக்கு மாநிலவாசிக் கட்டணத்தை 2001-லேயே கொடுத்த டெக்சஸில், 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குத் தொடுத்த அன்றே மாநிலம் இணங்கிப்போக, அந்தச் சலுகை நின்றது. அங்கே இருக்கும் குடும்பங்கள் இந்த ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

குடும்பம் அதே அடுக்ககத்தில்தான் இருக்கிறது. தம்பிக்கு 21 முடியும்போது, அதாவது 2033-இல், பெற்றோருக்காக அவன் மனு போடலாம். அவர்கள் விசாவோடு முறையாக நுழைந்தவர்கள் என்பதால் நாட்டை விட்டு வெளியே போகாமலேயே அது நடக்கக்கூடும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அந்த வழி கிடையாது. உடன்பிறந்தோருக்கான வரிசை வேறு, அது பல பத்தாண்டுகள் நீளும். மஞ்சப்பை கிழிந்துபோய், காகிதங்கள் இப்போது ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருக்கின்றன. 2011-இல் விமான நிலையத்தில் முத்திரை குத்திய பக்கத்தை அம்மா தனியாக நகல் எடுத்து மேலே வைத்திருக்கிறார்.